முதலில் ஓய்வை எழுதுங்கள்: பிராஸ் ஐவர் குழுவுக்கு ஜாஸ் பாடலும் திரைப்பாடலும் கோர்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலில் ஐந்து பிராஸ் வாத்தியங்களுக்கு எழுதிய பாடல் மூன்றாம் பக்கத்தைத் தாண்டவில்லை. கணினியில் கேட்டபோது கம்பீரமாகத்தான் இருந்தது. ஒத்திகையில் முதல் ட்ரம்பெட் வாசித்தவர் வாத்தியத்தை மடியில் இறக்கி வைத்து, உதட்டைத் தடவிக்கொண்டே, "இதில் நான் எங்கே மூச்சு விடுவது?" என்று கேட்டார். தாளைப் பார்த்தேன். 70 பார் (தாளக் கட்டம்), நடுவில் ஓர் இடைவெளிகூட இல்லாமல், அவருக்கு எழுதி வைத்திருந்தேன்.

அதன் பிறகு இதே அமைப்புக்குப் பலமுறை எழுதிவிட்டேன். புதியவர்கள் கொண்டுவரும் ஸ்கோர்களையும் திருத்திக் கொடுக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் நான் விழுந்த குழியில்தான் விழுகிறார்கள். ஸ்வரங்களை எழுதி முடித்துவிட்டு, ஓய்வுக்கு எங்கே இடம் என்று தேடுகிறார்கள். அதற்குள் இடம் தீர்ந்துபோயிருக்கும். கீழே உள்ள வரிசையில் ஓய்வு முன்னால் வருகிறது.

குழு இதுதான்: இரண்டு பி ஃப்ளாட் ட்ரம்பெட், ஓர் எஃப் ஹார்ன், ஒரு டிராம்போன், ஒரு டியூபா. டிரம்ஸ் இல்லை, பியானோ இல்லை, கிதார் இல்லை. தாளத்தையும் இந்த ஐவரே தாங்க வேண்டும்.

உங்களுக்கு முன்கூட்டியே தேவைப்படுபவை: ட்ரெபிள், பேஸ் இரண்டு கிளெஃப்களையும் தடுமாறாமல் படிக்கும் பழக்கம், கார்டுகளின் பெயரறிவு, ஒரு கீபோர்டு, கோடு போட்ட தாள், பென்சில். மென்பொருளுக்கு மியூஸ்ஸ்கோர் இலவசமாகக் கிடைக்கிறது, அதுவே போதும். ஆனால் அதைத் திறக்க வேண்டியது ஆறாம் படிக்குப் பிறகுதான்.

1. வாசிக்கப்போகிறவர்களை விசாரியுங்கள்

புத்தகத்தில் இருக்கும் வாத்திய எல்லைகள் ஒரு நல்ல கலைஞரின் நல்ல நாளுக்கானவை. உங்கள் குழுவில் இருப்பவர்களின் எல்லை வேறு. அதனால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: எந்த ஸ்வரம் வரை நிம்மதியாக வாசிப்பீர்கள்? என்னென்ன மியூட் (வாத்தியத்தின் வாயில் வைத்து ஒலியை மாற்றும் அடைப்பு) வைத்திருக்கிறீர்கள்? ஃப்ளூகல்ஹார்ன் (ட்ரம்பெட்டைவிட மென்மையாக ஒலிக்கும் அதன் உறவு) உண்டா? டிராம்போனில் எஃப் டிரிகர் (கூடுதல் குழாயைத் திறந்து கீழ் ஸ்வரங்களை எளிதாக்கும் விசை) இருக்கிறதா?

அறிமுகமில்லாத குழுவுக்கு எழுதினால் நான் பிடிக்கும் பாதுகாப்பான எல்லைகள் இவை. (ட்ரம்பெட்டுக்கும் ஹார்னுக்கும் தாளில் எழுதும் ஸ்வரம் வேறு, ஒலிப்பது வேறு; கணக்கு ஐந்தாம் படியில் வருகிறது.) ட்ரம்பெட்டுக்கு அவர் தாளில் நடு சி முதல் ஸ்டேவுக்கு மேலே முதல் துணைக்கோட்டு ஏ வரை. ஹார்னுக்கு அவர் தாளில் நடு சி-க்குக் கீழே உள்ள ஜி முதல் ஸ்டேவின் தலைமேல் உட்காரும் ஜி வரை. டிராம்போனுக்கு பேஸ் ஸ்டேவின் அடிக்கோட்டு ஜி முதல் நடு சி-க்கு மேலே உள்ள எஃப் வரை. டியூபாவுக்கு பேஸ் ஸ்டேவுக்கு அடியில் இரண்டு துணைக்கோடுகளுக்கும் கீழே தொங்கும் பி ஃப்ளாட் முதல் நான்காம் கோட்டு எஃப் வரை. கலைஞர்கள் இதைத் தாண்டுவார்கள். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு நீங்களும் தாண்டலாம்.

கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: எந்த கிளெஃப் படிப்பீர்கள்? பிரிட்டிஷ் பிராஸ் பேண்டு மரபில் பழகியவர்கள் டிராம்போனையும் டியூபாவையும்கூட ட்ரெபிள் கிளெஃபில்தான் படிப்பார்கள். அவர்கள் முன்னால் பேஸ் கிளெஃப் தாளை வைத்தால் அன்றைய ஒத்திகை முடிந்தது. அந்தக் குழுக்களில் பிரெஞ்ச் ஹார்னுக்குப் பதில் இ ஃப்ளாட் டெனர் ஹார்ன் வரும். அதற்கான பார்ட்டை (அந்த ஒரு வாத்தியத்துக்கான தாளை) வேறு சுருதி மாற்றத்தில் தர வேண்டும்: ஒலிக்கும் ஸ்வரத்துக்கு மேஜர் ஆறாம் இடைவெளி, அதாவது ஒன்பது அரை ஸ்வரம், மேலே.

டியூபாவுக்குப் பதில் பேஸ் டிராம்போன் வருகிறதா என்பதையும் இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். அமெரிக்கன் பிராஸ் குவின்டெட் பேஸ் டிராம்போன் வைத்துத்தான் வாசிக்கிறது. கனேடியன் பிராஸ் டியூபா வைத்து வாசிக்கிறது. இரண்டும் நல்ல அமைப்பே. ஆனால் டியூபாவின் உருண்டையான அடித்தளத்தை எண்ணி எழுதிய பார்ட் பேஸ் டிராம்போனில் முரட்டுத்தனமாகக் கேட்கும்.

2. வார்த்தை இல்லாமல் பாடிப் பாருங்கள்

பாடலைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே சோதனைதான். வரிகளை விட்டுவிட்டு, 'லா லா' என்று மெட்டை மட்டும் பாடுங்கள். இரண்டாம் சரணம் வரை உங்களுக்கே சலிக்காவிட்டால் அது இந்தக் குழுவுக்கு ஆகும்.

நாம் நேசிக்கும் பல திரைப்பாடல்கள் இந்தச் சோதனையில் தோற்றுவிடுகின்றன. அங்கே ஒரே ஸ்வரத்தில் எட்டுச் சொற்கள் ஓடும். அழகு முழுவதும் கவிஞரின் சொல்லிலும் பாடகரின் உச்சரிப்பிலும் இருக்கும். சொல்லை எடுத்துவிட்டு ட்ரம்பெட்டில் வாசித்தால் நெரிசலில் மாட்டிய பஸ்ஸின் ஹார்ன்தான் கேட்கும். மெட்டு ஏறி இறங்க வேண்டும். நடுவில் கார்வைகள் இருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் மற்றவர்கள் பதில் சொல்ல முடியும்.

ஜாஸுக்கு இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொள்கிறேன்: டபிள்யூ. சி. ஹாண்டி 1914-இல் வெளியிட்ட 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்'. 12 பார் ப்ளூஸ், நடுவில் மைனரில் 16 பார் ஹபனேரா (கியூப நடனம்) தாளம், மறுபடி 12 பார் ப்ளூஸ். ஒரே பாடலுக்குள் இரண்டு நடைகள் இருப்பதால் பயிற்சிக்கு இதைவிட வசதியானது எனக்குத் தெரியவில்லை.

3. உரிமையைப் பார்த்துவிடுங்கள்

இது சலிப்பான படிதான். ஆனாலும் எழுதி முடித்த பிறகு பார்த்தால் வீணாவது உங்கள் ஒரு மாத உழைப்பு.

இந்தியச் சட்டப்படி ஓர் இசைப்படைப்பை வேறு வாத்தியங்களுக்குக் கோர்ப்பது 'தழுவல்' ஆகும். அதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். பாதுகாப்பு, படைத்தவரின் ஆயுள் முடிந்து 60 ஆண்டுகள். ஹாண்டி 1958-இல் மறைந்தார். எனவே அவருடைய இந்தப் பாடல் இந்தியாவில் 2018 முடிவோடு பொதுவெளிக்கு வந்துவிட்டது. இலங்கையில் கணக்கு 70 ஆண்டுகள் என்பதை அங்கிருந்து எழுதுபவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

பலர் செய்யும் தவறு, "படம் வந்து 60 வருடம் ஆகிவிட்டது, பாட்டு இனி பொது" என்று முடிவு செய்வது. படத்துக்கான கணக்கு வேறு, மெட்டுக்கான கணக்கு வேறு. படம் பழையதாகிவிட்டாலும், இசையமைப்பாளரின் மறைவிலிருந்துதான் மெட்டுக்கு எண்ண வேண்டும்.

4. எலும்புக்கூட்டை மட்டும் எடுங்கள்

ஒரே ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: மெட்டு, அடிநாதம், கார்டுகளின் பெயர்கள். வேறெதுவும் வேண்டாம். மூலப் பதிவில் உள்ள வயலின் ஓட்டங்களையும் கோரஸையும் இப்போதே எழுதத் தொடங்கினால் ஐந்து பேருக்குள் ஐம்பது பேரைத் திணிக்கும் ஆசை வந்துவிடும்.

திரைப்பாடலில் மெட்டை எழுதும்போது ஒரு சங்கடம் வரும். பாடகர் காந்தாரத்தை அசைத்திருப்பார், வழுக்கியிருப்பார், பாதியில் தொட்டுவிட்டு வந்திருப்பார். புதியவர்கள் அதையெல்லாம் சின்னச் சின்ன செமிகுவேவர்களாக (கால் அடி ஸ்வரங்களாக) எழுதிவிடுகிறார்கள். மூன்று வால்வுகள் கொண்ட வாத்தியத்தில் அதை வாசித்தால் கமகம் வராது. தட்டச்சு இயந்திரம்தான் கேட்கும். அடிப்படை ஸ்வரத்தை நேராக எழுதுங்கள். மிகவும் அவசியமான இடத்தில் ஒரே ஒரு முன்தொடு ஸ்வரம் வையுங்கள். உண்மையான வழுக்கல் வேண்டும் என்றால் அந்த வரியை டிராம்போனுக்குக் கொடுங்கள். ஸ்லைடு இருப்பது அவரிடம்தான்.

அதற்கும் எல்லை உண்டு. ஸ்லைடை ஏழாம் நிலையிலிருந்து முதல் நிலைக்கு இழுத்தால் கிடைப்பது ஆறு அரை ஸ்வரத் தூரம் மட்டுமே. பேஸ் ஸ்டேவின் இரண்டாம் கோட்டு பி-யிலிருந்து நான்காம் கோட்டு எஃப் வரை ஒரே இழுப்பில் வழுக்கலாம். அதே பி-யிலிருந்து ஜி வரை கேட்டால் அவர் சிரிப்பார்.

5. சுருதியை மாற்றுங்கள்

மூலச் சுருதியின் மேல் பக்தி வேண்டாம். அது பாடகரின் குரலுக்கோ கிதாரின் கம்பிகளுக்கோ ஏற்றபடி அமைந்தது. பிராஸ் வாத்தியங்கள் ஃப்ளாட் பக்கம் சாய்ந்தவை.

3 கட்டையில், அதாவது இ மேஜரில், ஒரு பாடல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பி ஃப்ளாட் ட்ரம்பெட்டுக்கு ஒரு முழு ஸ்வரம் மேலே எழுத வேண்டும் என்பதால் அவர் தாளில் எஃப் ஷார்ப் மேஜர், ஆறு ஷார்ப். ஹார்னுக்கு ஐந்தாம் இடைவெளி மேலே எழுத வேண்டும் என்பதால் பி மேஜர், ஐந்து ஷார்ப். இப்போது பாடலை அரைக் கட்டை மட்டும் இறக்கி இரண்டரைக் கட்டைக்கு, இ ஃப்ளாட்டுக்கு, கொண்டுவாருங்கள். ட்ரம்பெட் தாளில் ஒரே ஒரு ஃப்ளாட். ஹார்ன் தாளில் இரண்டு. கீழ் வாத்தியங்களுக்கு மூன்று. கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. வாசிப்பவருக்கு அது வேறு உலகம்.

ஹாண்டியின் பாடல் ஜி மேஜரில் அச்சானது. நான் எஃப்-க்கு இறக்குகிறேன். ட்ரம்பெட்டுக்கு ஒரு ஷார்ப், ஹார்னுக்கு எதுவுமில்லை, நடுவில் வரும் மைனர் பகுதியும் அடக்கமாகவே இருக்கும்.

சுருதியை முடிவு செய்யும் முன் மெட்டின் உச்ச ஸ்வரம் எங்கே விழுகிறது, எத்தனை முறை விழுகிறது என்று எண்ணுங்கள். ஒருமுறை தொடும் உச்சம் உணர்ச்சியைக் கூட்டும். எட்டு முறை தொட்டால் எட்டாவது முறை உடைந்துதான் வரும்.

6. ஓய்வுப் படம் போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம்; நான் அதிக நேரம் செலவிடுவதும் இங்கேதான். உதட்டுத் தசை சோர்ந்தால் மேல் ஸ்வரங்கள் முதலில் போகும், பிறகு சுருதி போகும், பிறகு எல்லாமே போகும். நடுவில் எட்டு பார் வாத்தியத்தை இறக்கி வைத்தால் ரத்தம் ஓடி உதடு மீண்டுவிடும். அந்த எட்டு பார் எங்கே என்பதை ஒரு ஸ்வரம்கூட எழுதாமல் முதலில் தீர்மானியுங்கள்.

ஒரு தாளில் குறுக்கே ஐந்து வரிசை, நெடுக்கே பாடலின் பகுதிகள். ஓய்வுக் கட்டங்களை மட்டும் கறுப்பாக அடையுங்கள். 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' பாடலுக்கு நான் போட்ட படம் இப்படி அமைந்தது.

முன்னிசை 4 பார்: ட்ரம்பெட்கள் இரண்டும் ஓய்வு. முதல் ப்ளூஸ் 12 பார்: மெட்டு முதல் ட்ரம்பெட்டில், இரண்டாம் ட்ரம்பெட் ஓய்வு. இரண்டாம் ப்ளூஸ் 12 பார்: மெட்டு ஹார்னில், முதல் ட்ரம்பெட் ஓய்வு, இரண்டாமவர் ப்ளஞ்சர் மியூட் வைத்து இடைவெளிகளில் பதில் சொல்வார், கடைசி நான்கு பாரில் டியூபா இறங்கிக்கொள்ளும். மைனர் பகுதியின் முதல் 8 பார்: மெட்டு டிராம்போனில், தாளம் டியூபாவில், மற்ற மூவரும் ஓய்வு. அடுத்த 8 பார்: ட்ரம்பெட்கள் இரண்டும் மூன்றாம் இடைவெளியில் சேர்ந்து, ஹார்ன் நடுவில், தாளம் டிராம்போனுக்குப் போகும், டியூபா ஓய்வு. பிறகு ஐவரும் சேர்ந்து 12 பார். இரண்டாம் ட்ரம்பெட்டின் தனி 12 பார், முதல்வர் ஓய்வு. டியூபாவின் தனி 12 பார். மற்றவர்கள் ஒவ்வொரு பாரின் முதல் அடியில் மட்டும் ஒரு குத்து. கடைசியில் ஐவரும் 12 பார், முடிவுக்கு 4.

கூட்டினால் 96 பார். நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் ஏறக்குறைய 3 நிமிடம் 50 விநாடி. முதல் ட்ரம்பெட் அதில் 36 பார் சும்மா இருக்கிறார். கடைசிப் பக்கத்தின் உச்ச ஸ்வரம் அவருக்குச் சுத்தமாக வருவதற்குக் காரணம் அந்த 36 பார்தான்.

மைனர் பகுதியில் இரண்டே வாத்தியங்கள் கேட்கும் அந்த எட்டு பாரைப் பார்த்து, "வெறுமையாக இருக்காதா?" என்று கேட்பார்கள். இருக்கும். அந்த வெறுமைக்குப் பிறகு ஐவரும் நுழையும்போதுதான் குழுவின் கனம் தெரியும். எல்லோரும் எப்போதும் வாசித்தால் கனம் என்று ஒன்றே இருக்காது.

திரைப்பாடலுக்கும் இதே முறைதான். பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி பல்லவி என்று கட்டங்கள் போடுங்கள். இரண்டு சரணங்களையும் முழுதாக வைக்காதீர்கள். வரிகள் மாறுவதால்தான் மூலத்தில் இரண்டாம் சரணம் சலிக்கவில்லை. இங்கே வரிகள் இல்லை.

7. மெட்டையும் அடிநாதத்தையும் முதலில் எழுதுங்கள்

இப்போது மென்பொருளைத் திறக்கலாம். படத்தில் யாருக்கு மெட்டு என்று போட்டிருக்கிறதோ அவருக்கு மெட்டு, யாருக்கு அடிநாதமோ அவருக்கு அது. கடைசி பார் வரை இவ்விரண்டை மட்டும் எழுதி ஒருமுறை கேளுங்கள். இந்த இரண்டு வரிகளிலேயே பாடல் அடையாளம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நடுவில் எத்தனை கார்டு திணித்தாலும் தெரியாது.

டியூபா நிறையக் காற்றைக் குடிக்கும். டபுள் பேஸ் போல பாருக்கு நான்கு கிராட்செட் (ஓர் அடி ஸ்வரம்) வீதம் நிற்காமல் நடக்கச் சொன்னால் பத்து பாரில் வாசிப்பவருக்குத் தலை சுற்றும். இரண்டு பாருக்கு ஒருமுறை ஓர் அடியை விட்டுவிடுங்கள். முதல் அடியை ஒருபோதும் விடாதீர்கள்; இரண்டாம் அல்லது நான்காம் அடியை விட்டால் கேட்பவரின் காது அதைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

ஹபனேரா பகுதியில் தாளம் ஒன்றரை, அரை, ஒன்று, ஒன்று என்று நான்கு அடிக்குள் விழும். அந்த முதல் ஒன்றரையை ஒன்றாகச் சுருக்கி மீதி அரையில் ரெஸ்ட் போட்டுவிடுங்கள். தாளம் கூர்மையாகும், டியூபாவுக்கு மூச்சும் கிடைக்கும்.

தம்புரா போல ஒரே ஆதார ஸ்வரம் நீளும் திரைப்பாடல்களில் டியூபாவையும் டிராம்போனையும் மாற்றி மாற்றிப் பிடிக்க வையுங்கள். ஒருவர் விடும் முன் மற்றவர் நுழைந்துவிட வேண்டும். "ஒரே நேரத்தில் மூச்சு எடுக்காதீர்கள்" என்று எழுதிவைத்து நம்பியிருந்தால் இருவரும் சரியாக ஒரே நேரத்தில்தான் எடுப்பார்கள். எந்தப் பாரில் யார் என்று நீங்களே ரெஸ்ட் போட்டுக் கொடுங்கள்.

8. நடுக்குரல்களை நிரப்புங்கள்

ஐந்து வாத்தியம் இருந்தாலும் மெட்டுக்கும் அடிநாதத்துக்கும் போக மிச்சம் மூன்று, ஓய்வும் போனால் பெரும்பாலும் இரண்டு. அந்த இரண்டும் கார்டின் மூன்றாம், ஏழாம் ஸ்வரங்களாக இருக்கட்டும். நம் மொழியில் சொன்னால் அந்தர காந்தாரமும் கைசிக நிஷாதமும். பஞ்சமம் இல்லாவிட்டாலும் யாருக்கும் குறை தெரியாது.

எஃப் ப்ளூஸில் இதைச் செய்து பாருங்கள். எஃப்7 கார்டுக்கு டிராம்போன் பேஸ் ஸ்டேவின் மூன்றாம், நான்காம் கோடுகளுக்கு நடுவில் உள்ள இ ஃப்ளாட், ஹார்ன் அதன் மேலே உச்சிக்கோட்டு ஏ ஒலிக்கும்படி. ஹார்ன்காரர் தாளில் அது ட்ரெபிள் ஸ்டேவின் அடிக்கோட்டு இ. கார்டு பி ஃப்ளாட்7-க்கு மாறும்போது டிராம்போன் அரை ஸ்வரம் இறங்கி டி, ஹார்ன் அரை ஸ்வரம் இறங்கி ஏ ஃப்ளாட். சி7-க்குப் போகும்போது எஃப்7 நிலையிலிருந்து இருவரும் அரை ஸ்வரம் ஏறி இ, பி ஃப்ளாட். ஒரு ப்ளூஸின் மூன்று கார்டுகளும் இரண்டு பேர் அரை ஸ்வரம் நகர்வதில் முடிந்துவிடுகின்றன. முதன்முதலில் கீபோர்டில் இதை வாசித்துப் பார்த்தபோது அதுவரை நான் எழுதிய தாவல்களையெல்லாம் நினைத்து வெட்கப்பட்டேன்.

இரண்டாம் ட்ரம்பெட்டுக்கு மெட்டுக்குக் கீழே ஒன்பதாம் அல்லது பதின்மூன்றாம் ஸ்வரம் கொடுங்கள். எஃப்7-க்கு அவை ஜி, டி. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ப்ளூஸ் மெட்டில் ஏ ஃப்ளாட் அடிக்கடி வரும், ஹார்ன் கீழே ஏ பிடித்திருப்பார். ஏழாம் இடைவெளி தள்ளி இருந்து உரசினால் அதுதான் ப்ளூஸின் காரம். அதே ஏ-யை இரண்டாம் ட்ரம்பெட்டுக்குக் கொடுத்து மெட்டுக்குப் பக்கத்திலேயே உரசவிட்டால் யாரோ தப்பாக வாசிப்பதாகவே கேட்கும்.

கீழே நெருக்கம் வேண்டாம். டியூபாவுக்கும் டிராம்போனுக்கும் இடையில் குறைந்தது ஐந்தாம் இடைவெளி இருக்கட்டும். அடியில் மூன்றாம் இடைவெளி வைத்தால் சேறு.

டிராம்போனுக்கு இன்னொரு எச்சரிக்கை. பேஸ் ஸ்டேவின் இரண்டாம் கோட்டு பி ஃப்ளாட் ஸ்லைடின் முதல் நிலை. அடுத்த அரை ஸ்வரமான பி ஏழாம் நிலை. கீபோர்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள். ஸ்லைடில் கை முழுதாக நீள வேண்டும். டிரிகர் இல்லாதவருக்கு இவ்விரண்டையும் வேகமாக அடுத்தடுத்து எழுதாதீர்கள்.

ஹார்ன் பற்றி ஒரு வார்த்தை. அதன் வாய் பின்னால் பார்க்கிறது. உரக்க வாசிக்கும்போது ஒரு ட்ரம்பெட்டை எதிர்கொள்ள இரண்டு ஹார்ன் வேண்டும் என்பது இசைக்குழுக்களில் பழைய கணக்கு. உங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. ஹார்னுக்கு மெட்டு கொடுத்த இடத்தில் மற்ற எல்லோருக்கும் ஒரு படி குறைவாக ஒலியளவு எழுதுங்கள். அதோடு, பாடல் முழுவதும் அவரை இரண்டாம், நான்காம் அடிகளில் 'பா, பா' என்று குத்த மட்டும் விடாதீர்கள். அப்படி எழுதப்பட்ட பார்ட்டை ஹார்ன்காரர்கள் எப்போதும் மறப்பதில்லை, எழுதியவரையும்.

திரைப்பாடலின் இடையிசையில் வரும் நீண்ட வயலின் ஓட்டங்களை ஒரே ட்ரம்பெட்டுக்குக் கொடுக்காமல் இருவருக்கும் பிரித்துக் கொடுங்கள். ஒருவரின் கடைசி ஸ்வரமே அடுத்தவரின் முதல் ஸ்வரமாக இருக்கட்டும். அந்த ஒரு ஸ்வரம் இருவரும் சேர்ந்து வாசித்தால் கைமாறிய இடமே காதில் விழாது. இடைவெளி விட்டுப் பிரித்தால் ஓட்டம் நொண்டும்.

9. நடையையும் அழுத்தத்தையும் குறியுங்கள்

ஸ்விங் நடைக்கு (ஜோடியில் முதல் ஸ்வரம் நீண்டு, அடுத்தது குறுகும் ஜாஸ் நடை) சாதாரண குவேவர்களாக, அதாவது அரை அடி ஸ்வரங்களாக, எழுதி, மேலே 'ஸ்விங்' என்று போடுங்கள். புள்ளி வைத்த குவேவரும் செமிகுவேவருமாக எழுதினால் ராணுவ அணிவகுப்பு கேட்கும். ஹபனேரா பகுதி தொடங்கும் இடத்தில் 'நேர் குவேவர்' என்றும், முடியும் இடத்தில் மறுபடி 'ஸ்விங்' என்றும் எழுத மறக்காதீர்கள். மறந்தால் ஐவரில் இருவர் ஸ்விங்கிலேயே போவார்கள்.

தொப்பிக் குறி (^) ஜாஸில் குறுகிய, அழுத்தமான ஸ்வரம். படுக்கைக் கோடு (–) முழு நீளம். மேற்கத்திய செவ்வியல் மட்டுமே வாசித்தவர்களுக்கு இது தானாக வராது என்பதால் ஒவ்வொரு சொற்றொடரின் கடைசி ஸ்வரத்துக்காவது குறி போடுங்கள். சேர்ந்து வாசிக்கும் இடத்தில் ஐந்து பார்ட்டிலும் ஒரே குறி இருக்க வேண்டும். முதல் ட்ரம்பெட்டுக்கு மட்டும் போட்டுவிட்டு மற்றவர்களுக்கு விட்டுவிடுவது நான் அதிகம் திருத்தும் தவறு.

தபேலா, டோலக் நடைகளை அப்படியே ஐவருக்கும் பகிர்ந்து எழுத வேண்டாம். அழுத்தம் எந்த அடியில் விழுகிறது என்பதை மட்டும் எடுங்கள். திஸ்ர நடையில் ஆறு குவேவரும் தேவையில்லை. முதல், நான்காம், ஆறாம் குவேவர் இருந்தாலே நடை நிற்கும்.

10. மியூட்

மியூட்டைப் போட, எடுக்க நேரம் வேண்டும். மூன்று பார் ஓய்வு என் குறைந்தபட்சம். 100 அடி வேகத்தில் அது 7 விநாடி. ஃப்ளூகல்ஹார்னுக்கு மாற அதைவிட இரண்டு மடங்கு. எந்த மியூட் என்பதை ஓய்வு தொடங்கும் இடத்திலேயே எழுதுங்கள். நுழையும் பாரில் எழுதினால் அப்போதுதான் பையைத் துழாவுவார். டியூபாவுக்கு மியூட் எழுதும் முன் அவரிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது.

11. பார்ட்களைத் தயாரியுங்கள்

அச்சிடும் முன் மென்பொருளில் 'கான்சர்ட் பிட்ச்' (எல்லாவற்றையும் ஒலிக்கும் சுருதியிலேயே காட்டும்) பொத்தானை அணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அது எரிந்துகொண்டிருக்கும்போதே ஐந்து பார்ட்டும் அச்சிட்டுக் கொண்டுபோனவன் நான். ட்ரம்பெட்டும் ஹார்னும் டியூபாவும் மூன்று வெவ்வேறு சுருதியில் தொடங்கிய அந்த முதல் பாரை இன்றும் மறக்க முடியவில்லை.

எட்டு அல்லது பன்னிரண்டு பாருக்கு ஓர் எழுத்துக் குறி, எல்லா வரிகளிலும் பார் எண். பார்ட் இரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் பக்கம் திருப்பும் இடம் ஓய்வில் விழ வேண்டும். டிராம்போன்காரருக்கு இரண்டு கையும் வாத்தியத்தில்தான் இருக்கும். நீண்ட ஓய்வுக்குப் பின் நுழைபவருக்கு, நுழைவதற்கு முந்தைய இரண்டு பாரில் யார் என்ன வாசிக்கிறார் என்பதைச் சிறிய ஸ்வரங்களாகக் காட்டுங்கள். 12 பார் எண்ணிக்கொண்டிருப்பவர் பதினொன்றில் ஐயப்படுவது இயல்பு.

கணினியில் கேட்பது ஸ்வரப் பிழையைக் கண்டுபிடிக்க மட்டும் உதவும். அதற்கு நுரையீரல் இல்லை, உதடு இல்லை, ஹார்ன் அங்கே ட்ரம்பெட் அளவுக்கு உரக்கக் கேட்கும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பார்ட்டையும் நீங்களே வாயால் பாடிப் பாருங்கள். நீங்கள் மூச்சு எடுக்கும் இடத்தில் வாசிப்பவரும் எடுப்பார். அங்கே மூச்சுக்குறி போடுங்கள்.

12. முதல் ஒத்திகை

முதல் தடவை பாதி வேகத்தில், மியூட் இல்லாமல், நிறுத்தாமல் ஓட்டுங்கள். பிழை வந்தால் பார் எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை டியூபாவும் மெட்டு வாசிப்பவரும் மட்டும். மூன்றாம் தடவை நடுக்குரல்கள் மட்டும். தவறான ஸ்வரங்கள் பெரும்பாலும் அங்கே ஒளிந்திருக்கும். அதன் பிறகே ஐவரும் முழு வேகத்தில். உச்ச ஸ்வரம் உள்ள கடைசிப் பகுதியை ஒரே மாலையில் இரண்டு முறைக்கு மேல் கேட்காதீர்கள்.

செல்பேசியில் பதிவு செய்யுங்கள், ஆனால் குழுவிலிருந்து பத்து அடி தள்ளி வைத்து. பக்கத்தில் வைத்தால் ட்ரம்பெட் மட்டும்தான் பதிவாகும். முடிந்ததும் ஹார்னையும் டியூபாவையும் தனியே கேளுங்கள். ட்ரம்பெட்காரர்கள் கேட்காமலே சொல்லிவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து திருத்தியதும் புதிய பார்ட்டின் தலையில் 'பதிப்பு 2' என்று தேதியோடு போடுங்கள். பழைய தாள்களைக் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஒத்திகையில் ஒருவர் பழைய தாளிலிருந்தே வாசித்துக்கொண்டிருப்பார். எங்கே உதைக்கிறது என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் போகும்.